அம்மாவின் முழங்காலும் இதயமும்: கோத்தகிரியில் மூன்று வாரம்

மேட்டுப்பாளையத்தில் ஏறிய டாக்சி வீட்டு வாசலில் நின்றபோது, அம்மா மேல்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். மொத்தம் ஒன்பது படிதான். கொழுந்துக் கூடையோடு முப்பது வருடம் சரிவில் ஏறி இறங்கியவர், இந்த முறை இறங்கி வரவில்லை. குளிர்காலம் வந்தாலே முட்டி வலி கூடும் என்று போனில் சொல்லியிருந்தார். இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவுக்கு 70 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து கோயம்புத்தூரில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஆஸ்பிரின் உண்டு. பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே வருகிறது. 2021-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அருமை எங்களைப் போன்ற மேடு பள்ளமான ஊர்களில்தான் தெரியும். நான் வந்த நான்காம் நாள் மாத்திரை கொண்டுவந்த அக்கா பிரஷர் பார்த்தார். 164/96. புருவத்தைச் சுருக்கினார்.

“போன தடவை இவ்வளவு இல்லையேம்மா. வேற ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களா?”

நான் உட்பட வேறு யாருமே அம்மாவிடம் கேட்காத கேள்வி அது. பிஸ்கட் டப்பாவிலிருந்து அட்டை அட்டையாக வெளியே வந்தது: டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், காலையும் இரவும், நான்கு மாதமாக. பஜாரில் ஒரு மெடிக்கலில் “முட்டி வலிக்குது” என்று சொன்னதும் கொடுத்திருக்கிறார்கள். இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. மறுநாள் போய்க் கேட்டேன். “எல்லாரும் வாங்குறதுதான் சார்” என்றார் கடைக்காரர். நெஞ்சுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே என்று எனக்குக் கோபமாக வந்தது.

நான் இருக்கும் பிரிட்டனில் 2015 ஜனவரி முதல் டைக்ளோஃபெனாக் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. காரணம் இதயம்தான். வீக்கத்தையும் வலியையும் தூண்டும் பொருளைத் தடுக்கும் இந்த மாத்திரைகள், ரத்தம் உறையாமல் ரத்தக்குழாய்ச் சுவர் சுரக்கும் பொருளையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குகின்றன. அதனால் பிரஷர் ஏறும், கால் வீங்கும். 2004-இல் வயோக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால்தான். டைக்ளோஃபெனாக்கின் ஆபத்தும் கிட்டத்தட்ட அதே வகை மாத்திரைகளின் அளவுக்கு இருக்கிறது என்று 2013-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் சொன்னது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னது.

குன்னூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் உள்ளே போன பிறகு அவர் அவசரப்படவில்லை. எல்லா அட்டையையும் மேஜையில் பரப்பச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த மாத்திரையை ஒரு வருடம் முழு அளவில் சாப்பிடும் ஆயிரம் பேரில், சாப்பிடாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும். ஏற்கெனவே இதய நோய் இருந்தால் அந்த எண்ணிக்கை இன்னும் ஏறும் என்றார். மற்ற வலி மாத்திரைகளில், ஐபுப்ரொஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கக்கூடும். நாப்ராக்ஸன் இதயத்துக்குக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். வலியோடு நடக்காமல் உட்கார்ந்துவிட்டாலும் இதயத்துக்குக் கெடுதல்தான் என்று அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

கூட வந்த அண்ணன் கேட்டான்: “டாக்டர், கழுகு சாகுதுன்னு மாட்டுக்குத் தடை பண்ணாங்களே, அந்த மருந்தா இது?” அதேதான். மாயாறு பக்கம் பாறு கழுகுகள் இருப்பதால் எங்கள் மாவட்டத்தில் பலருக்கு இந்த விஷயம் தெரியும். இந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதர்களுக்கும் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, டாக்டர் கிரியாட்டினின் பரிசோதனைக்கு எழுதினார். அன்று மாலையே ரிசல்ட் வந்தது. நல்லவேளை, சரியாக இருந்தது.

மாத்திரை நின்றது. வலிக்குப் பாராசிட்டமால், முட்டியில் தடவ டைக்ளோஃபெனாக் ஜெல். ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. அம்மா ஒரு ராத்திரி பழைய அட்டையைக் கேட்டார். கொடுக்க மறுத்தது எனக்கும் வலித்தது. அப்புறம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடைத் தசைக்கான பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பத்து ரூபாய்கூடச் செலவில்லை.

மூன்றாம் வாரம் பிரஷர் 140/86. கணுக்கால் வீக்கம் வடிந்திருந்தது. முட்டி வலி பாதிதான் குறைந்திருக்கிறது. வேறு மாத்திரை தேவையா என்று அடுத்த மாதம் கோயம்புத்தூர் இதய டாக்டரிடம் கேட்கப் போகிறோம். அம்மா சாப்பிடும் மருந்துகளையும் “ஸ்டென்ட் வைத்தவர்” என்ற வரியையும் தமிழில் எழுதி, ஒரு பிரதியைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன். இன்னொன்று அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது, மெடிக்கலில் காட்ட.