"ராணுவக் குடும்பங்களுக்குச் சிறப்புக் காட்சி" என்று கேட்டால் பணம் அனுப்பாதீர்கள்

வேலூர், கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். போன வாரம் வெளியான ராணுவ ஆக்‌ஷன் படத்துக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு சுற்றியது. முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்குச் சிறப்புக் காட்சியாம், சலுகை விலையாம், கதாநாயகனே வந்து சால்வை போடுவாராம். ஆளுக்கு 250 ரூபாய் ஜிபேயில் வாங்கினார்கள். தியேட்டருக்குப் போனால் அது எல்லோருக்குமான சாதாரணக் காலைக் காட்சி. வாசலில் கொடுத்த டிக்கெட்டில் அச்சடித்திருந்த விலை 150. நடிகரும் இல்லை, சால்வையும் இல்லை. பணம் வாங்கியவர் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை.

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்கள். அந்த மரியாதையைக் காட்டித்தான் காசு பிடுங்கியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

படமாவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. டிரெய்லரில் "உண்மைச் சம்பவம்" என்று கொட்டை எழுத்து. உள்ளே போய் உட்கார்ந்தால் முதல் கார்டே "அனைத்தும் கற்பனை". வேலையை விட்டு ஒதுங்கி வாழும் மேஜரைக் கடைசியாக ஒரு ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். கைக்குழந்தையின் போட்டோவைக் காட்டிச் சிரிக்கும் சிப்பாய் இடைவேளைக்குள் செத்துப்போகிறான். அன்பாகப் பேசும் மேலதிகாரிதான் துரோகி. பின்வரிசையில் இருந்த சின்னப் பையன்கள் அடுத்த காட்சியை முன்கூட்டியே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை.

கதையை விடுங்கள், உழைப்பே இல்லை. ஏகே-47 மேகசினில் வழக்கமாக 30 குண்டு. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் விடாமல் சுட்டால் மூன்றே நொடியில் காலி. கதாநாயகனோ ஒரு பாட்டு முடியும்வரை மாற்றாமல் சுடுகிறார். நம் ராணுவத்தில் தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிக்க மாட்டார்கள். படம் முழுக்க அப்படித்தான் அடிக்கிறார்கள். கையில் மூன்று பட்டி போட்டவரை, அதாவது ஹவில்தாரை, எல்லோரும் சுபேதார் என்கிறார்கள். ஹவில்தாராக ஓய்வு பெற்ற என் சித்தப்பா, "இன்னா கண்ணு, என் பட்டிய அவன் தோள்ல போட்டுட்டு சுபேதார்ன்றான்?" என்று கேட்டார். பதினேழு வயதில் சேர்ந்து, பனியில் காவல் நின்று வாங்கிய பட்டி அது. ஓய்வு பெற்றவர் ஒருவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் இதெல்லாம் சரியாகியிருக்கும்.

நம் வேலூர்க் கோட்டையிலேயே 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு என்று மனம் புழுங்கிய ஆட்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினான். மக்கான் சிக்னலில் அந்தச் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. இப்படியெல்லாம் கதை கிடக்க, புளித்த மாவையே திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதே அழைப்பு இப்போது ஆரணி, குடியாத்தம் பெயரில் சுற்றுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள். தியேட்டர் கவுன்டரில் நேரில் விசாரியுங்கள், அச்சடித்த டிக்கெட் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஜிபே ரசீது, டிக்கெட் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்துவிட்டோம்.