டைனோ சீட்டில் கூடிய 7 ஹெச்பி, ரோட்டில் காணோம்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் காரை ரீமேப் செய்ய, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றி இழுவையைக் கூட்ட, யோசிப்பவர்கள் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 28,000 ரூபாய் போயிற்று.

என்னுடையது 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். மதுரைப் பக்கம் ஒரு கடையில் டைனோவில், அதாவது ரோலர்மேல் வீலை ஓடவிட்டு எஞ்சின் சக்தியை அளக்கும் மெஷினில், ஏற்றினார்கள். முதல் ஓட்டத்தில் 64 ஹெச்பி. ரீமேப் செய்து, எடை குறைந்த புல்லி (எஞ்சின் பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) மாட்டிய பிறகு 71. சீட்டை நீட்டி, "பாத்தீங்களாண்ணே?" என்றார் கடைக்காரர். எனக்கும் வாயெல்லாம் பல்.

நான் செல்போனில் எடுத்த வீடியோவை உச்சிப்புளி டீக்கடையில் பார்த்த என் மச்சான்தான் கேட்டான்: "ரெண்டாவது ஓட்டத்துல முன் வீல் வேறயா இருக்கே மாப்ள?" நிறுத்திப் பார்த்தால், முதலில் என் 16 இன்ச் கறுப்பு அலாய் வீல். அடுத்ததில் 14 இன்ச் வெள்ளி நிறம், கடையுடையது. கேட்டதற்கு, "உங்க அலாய்ல கீறல் விழக் கூடாதுன்னு மாத்தினோம்ணே" என்றார். என்ன கரிசனம்!

மண்டபத்தில் மீன் நிறுக்கும் தராசில் என் வீலைத் தூக்கி வைத்தேன். டயரோடு 18.6 கிலோ. மச்சான் காரின் 14 இன்ச் வீல் 13.9. டயரோடு சேர்த்து இரண்டின் விட்டமும் ஏறக்குறைய 62 செ.மீ. என்பதால் கியர் கணக்கு மாறவில்லை, மாறியது எடைதான். அந்த ரோலர், தன்னை எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறது என்று பார்த்து ஹெச்பி சொல்லும் வகை. கனமான வீல் தன்னைச் சுழற்றவே கொஞ்சம் சக்தியைத் தின்னும், சீட்டில் அது குறையும். புல்லி, ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான வட்டு) கதையும் இதேதான். எஞ்சின் புதிதாக எதையும் தருவதில்லை, சுழற்றும் செலவில்தான் மிச்சம். எஞ்சினை ஒரே ஆர்பிஎம்மில் (சுழலும் வேகத்தில்) பிடித்து நிறுத்தி அளக்கும் டைனோவில் இந்த மிச்சம் தெரியாது.

ஆனால் வீலின் எடையால் மட்டும் 7 ஹெச்பி வந்துவிடாது. என் கணக்கில் ஒன்றுகூடத் தேறாது. வீடியோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் மற்றதும் பிடிபட்டது. முதல் ஓட்டம், மத்தியான வெயிலில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போன கையோடு. காரை நகராமல் கட்டும் பெல்ட்டை இறுக்கியதில் டயர் ரோலர்மேல் சப்பையாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது ஓட்டம் சாயங்காலம். பானெட் திறந்து, எதிரே பெரிய ஃபேன், டயரில் காற்று கல் மாதிரி. சூடும் சப்பை டயரும் சீட்டில் எண்ணைக் குறைத்துக் காட்டும்.

நல்லவேளை, போகும் முன்பே தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை ரோட்டில் விடியற்காலையில் நேரம் பார்த்து வைத்திருந்தேன். மூன்றாவது கியரில் 40லிருந்து 80க்கு 8.3 விநாடி. கச்சான் காற்று தள்ளும் என்பதால் போகவும் வரவும் ஓட்டி எடுத்த சராசரி. ரீமேப்புக்குப் பிறகு அதே ரோடு, அதே அலாய், அதே இரண்டு பேர்: 8.2. அந்தப் புள்ளி ஒன்று என் கட்டைவிரல் தாமதமாகவே இருக்கலாம்.

போகிறவர்கள், இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே வீல், ஒரே காற்று, ஒரே கியர், ஒரே சூடு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மும்மூன்று தடவை ஓட்டச் சொல்லுங்கள். ரோலர் பக்கத்திலேயே நில்லுங்கள், டீ வாங்கித் தந்தாலும் நகராதீர்கள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "உங்க ஊர் உப்புக் காத்துக்கு வண்டி அப்படித்தாண்ணே இழுக்கும்" என்றார். சரி, பழைய ஃபைலையே திருப்பி ஏற்றிக் கொடுங்கள் என்றேன். அதற்கு 4,000 ஆகுமாம்.