ஹட்டனிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு மோட்டார் சைக்கிள்: எந்தச் சேவையிடம் கொடுப்பது?

மோட்டார் சைக்கிளைத் தூர இடத்துக்கு அனுப்ப ஒரு சேவையைத் தெரிவு செய்யும்போது கட்டணத்தைக் கடைசியாகக் கேளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. வண்டியைக் கட்டப்போகிறவர் யார், எதனால் கட்டுவார், வழியில் அதை எத்தனை தரம் இறக்கி ஏற்றுவார்கள், கொடுக்கும் பில்லில் என்ன எழுதுவார்கள் என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வந்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். தம்பிக்குக் கிளிநொச்சியில் ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது அவனுடைய பைக்கை அனுப்புவதற்காக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களில் பல இடங்களில் விசாரித்தேன். அதே பாதையில் வண்டி அனுப்பிய உறவினர்களின் அனுபவத்தையும் கேட்டறிந்தேன். அவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஓட்டிக்கொண்டே போகலாமே என்று சிலர் கேட்பார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது. கிளிநொச்சி அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு இறங்கும் மலைப்பாதையையும் சேர்த்துப் பார்த்தால், நூறு சீசீ வண்டியில் பையும் பெட்டியும் கட்டிக்கொண்டு மழைக்காலத்தில் போவது உடம்புக்கும் வண்டிக்கும் நல்லதல்ல. வண்டியின் பெறுமதியையும் நினைக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பழைய பைக்குகளின் விலை ஏறிய விதம் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் லீசிங் கட்டியும் வாங்கிய வண்டியை அலட்சியமாகக் கையாளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிபொருளை முழுமையாக வெளியேற்றி, பதிவுச் சான்றிதழின் பிரதியுடன் நிலையத்தில் ஒப்படைத்து, பொதியாக மோட்டார் சைக்கிளை அனுப்புவது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். 1990இல் நின்றுபோன வடக்கு ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியது. ஆனால் ஹட்டன் வழியாகச் செல்லும் பதுளைப் பாதையும் வடக்குப் பாதையும் வேறு வேறு என்பதால் மலையகத்திலிருந்து போகும் பொதி இடையில் ரயில் மாறியாக வேண்டும். அதோடு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மண்சரிவுகள் மலையகப் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தின. ஆகவே பொதி ஏற்கிறார்களா, எந்த நிலையம் வரை ஏற்கிறார்கள் என்பதை உங்கள் நிலையத்தில் நேரில் கேட்ட பின்னரே இந்த வழியை எண்ணிப் பாருங்கள். கொழும்புக்கு மட்டும் அனுப்புகிறவர்களுக்கு, பாதை திறந்திருந்தால், இது நல்ல வழி.

அடுத்தது மரக்கறி லொறி. நுவரெலியாவிலிருந்து லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றி தம்புள்ளைக்குப் போகும் லொறிகளில் தெரிந்த சாரதி ஒருவர் இருந்தால் மிகக் குறைந்த செலவில் வண்டி தம்புள்ளை வரை போய்விடும். சாரதிகளின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பணமே வாங்காமல் ஏற்றிச் சென்றவர்களும் உண்டு. ஆயினும் அந்த லொறியின் வேலை மரக்கறியைக் கொண்டு சேர்ப்பது. மூட்டைகளுக்கு நடுவே செருகப்படும் பைக்குக்குத் தனியாகக் கட்டு கிடையாது. ரம்பொடை வளைவுகளில் மூட்டை சாய்ந்தால் கிளச் லீவரும் சிக்னல் விளக்கும்தான் முதலில் போகும். ஈரச்சாக்கிலிருந்து வடியும் நீர் செயினிலும் வயர் இணைப்புகளிலும் இறங்கும். தம்புள்ளைக்கு அப்பால் வேறு வண்டி தேடுவதும் உங்கள் பொறுப்பாகிவிடும். பழைய, தேய்ந்த வண்டியென்றால் பரவாயில்லை. புதிய வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரிய பொதிச் சேவைகளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் போவது அங்கேதான். பெயர்ப்பலகை இருக்கிறது, கணினியில் அடித்த பில் இருக்கிறது, தொலைபேசியில் பேசுகிறவர் மரியாதையாகப் பேசுகிறார். அந்த நம்பிக்கையில் இப்படிப்பட்ட ஒரு சேவையிடம் என் மைத்துனர் முன்பு தன் வண்டியைக் கொடுத்தார். ஹட்டனில் ஏற்றிய வண்டியைக் கொழும்புக் களஞ்சியத்தில் இறக்கி, வேறு லொறியில் ஏற்றி, வடக்கில் மறுபடியும் ஒரு களஞ்சியத்தில் இறக்கியிருக்கிறார்கள். எங்கே நடந்தது என்று ஒருவரும் பொறுப்பேற்காத நிலையில் ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பி, டாங்கியில் கயிறு அறுத்த தடத்துடன் வண்டி வந்து சேர்ந்தது. முறையிட்டபோது, “பொதியின் நிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்று பில்லின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதுவது என் நோக்கமல்ல. சோப்புப் பெட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே பில்லைக் கொடுக்கும் எந்த இடத்திலும் இது நடக்கக்கூடும் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். வழியில் எத்தனை களஞ்சியங்கள் என்று கேளுங்கள். “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்ற பதில் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

நாங்கள் இறுதியில் தெரிவு செய்தது பைக்குகளை மட்டும் ஏற்றும் ஒரு சிறிய லொறிச் சேவையை. மலையகத்துக்கும் வன்னிக்கும் இடையே இத்தகைய ஓட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. 1958, 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து வெளியேறி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய நம் குடும்பங்கள் ஏராளம். இரு பக்கமும் சொந்தம் இருப்பதால் இரு பக்கமும் சாமான் போகிறது, வருகிறது. இந்தச் சேவையின் லொறித் தட்டில் சக்கரம் உட்காரும் அகலத்துக்கு இரும்புத் தடங்கள் பொருத்தியிருந்தார்கள். ஏற்றும் விதமும் எனக்குப் பிடித்தது: லொறியைத் தெருவோர மண் திட்டு ஒன்றுடன் பின்புறமாக ஒட்டி நிறுத்தி, தட்டும் திட்டும் சமமானதும், நீளப் பலகை போட்டு வண்டியைத் தள்ளியே உள்ளே கொண்டுபோனார்கள். நாலு பேர் சேர்ந்து சைலன்சரையும் மட்கார்டையும் பிடித்துத் தூக்கும் அவலம் அங்கே இல்லை.

கட்டியவர் நடுத்தர வயதுக்காரர். முதலில் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி ஆசனத்துக்கடியில் வைத்தார். பழைய டியூப்பை வெட்டிய ரப்பர்த் துண்டுகளை, பெல்ட் உரசக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் வைத்தார். பெல்ட்டை ஹேண்டிலில் மாட்டாமல், ஷொக் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ்த்தகட்டில் மாட்டி இரு பக்கமும் சமமாக இறுக்கினார். ஷொக் சற்றே இறங்கியதும் நிறுத்திவிட்டார். இன்னும் இறுக்கலாமே என்று கேட்டேன். “வேணாம் அண்ணே, முழுசா அமுக்கிக் கட்டுனா போய்ச் சேர்றதுக்குள்ள ஷொக்கோட ஒயில் சீல் கசிஞ்சிரும். கொஞ்சம் அசைய விடணும்” என்றார். சைட் ஸ்டான்டை மடக்கிவிட்டே கட்டினார். வண்டியின் பாரம் ஸ்டான்டில் நின்றால் ஒவ்வொரு குழியிலும் அந்த ஸ்டான்டின் பொருத்து வளையும் என்பதை அவரே விளக்கினார். பின்சக்கரத்துக்குத் தனியாக ஒரு பெல்ட் போட்டு, பற்றரி வயரையும் கழற்றிய பிறகுதான் அடுத்த வண்டிக்குப் போனார். இதைக் கண்ணால் பார்த்த நிமிடத்தில் என் கவலை பெரும்பாலும் நீங்கிவிட்டது. உங்கள் முன்னிலையில் கட்ட மறுக்கும் சேவையை, அது எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், நான் ஏற்க மாட்டேன்.

பில் விடயத்திலும் அவர்கள் ஒழுங்காக இருந்தார்கள். பதிவு இலக்கத்துடன் செசி இலக்கம், இயந்திர இலக்கம், கிலோமீற்றர் அளவு, ஏற்கெனவே இருந்த கீறல்கள், ஒப்புக்கொண்ட பெறுமதி ஆகியன எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிட்டோம். பெறுமதி எழுதப்படாத பில்லை வைத்துக்கொண்டு பிற்பாடு நட்டஈடு கேட்பது கடினம். வண்டிக்கு இருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, லொறியில் சரக்காகப் போகும்போது அந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு உதவாது. முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் ஏற்றிச் செல்லும்போதும் அது செல்லுமா என்று தங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியை ஒருபோதும் லொறியில் கொடுத்துவிடாதீர்கள். அதன் நிழற்பிரதியும், வண்டியை அனுப்ப நீங்கள் சம்மதித்ததாகக் கையொப்பமிட்ட கடிதமும் வழிச் சோதனைக்குக் கைகொடுக்கும்.

கட்டணம் மற்றவர்கள் கேட்டதைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதில் குறை காண மாட்டேன். ஆனால் தொலைபேசியில் சொல்லும் தொகையில் 18 சதவீத வற் வரி அடங்குமா, கிளிநொச்சியில் வீடுவரை கொண்டுவருவார்களா என்பதைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டப் பாதைகளில் அந்த லொறி ஏறாது. வண்டியை நகரம் வரை நீங்களேதான் கொண்டுவர வேண்டும். திரும்பிப் போவதற்கு டாங்கியில் பெற்றோல் தேவையில்லை என்பதால் அன்று காலை அளவாக மட்டும் அடித்துக்கொண்டு வாருங்கள்.

இந்தச் சேவையில் நான் கண்ட குறை ஒன்று உண்டு. லொறி நிறையும் அளவுக்கு வண்டிகள் சேர்ந்தால்தான் புறப்படுவார்கள். நாளைக் குறித்துச் சொல்லச் சொன்னால் தயங்குகிறார்கள். புறப்பட்ட செய்தியையும் நாமே அழைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. பாடசாலை தொடங்கும் நாளுக்குள் வண்டி வேண்டுமென்று இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்து முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். மற்றபடி, கிளிநொச்சியில் தம்பி வண்டியைப் பொறுப்பேற்றபோது பில்லை வைத்து ஒவ்வோர் இலக்கத்தையும் கீறலையும் பகல் வெளிச்சத்தில் சரிபார்த்து, பற்றரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கையும் சோதித்த பிறகே கையொப்பமிட்டான். சாரதி அவசரப்படுத்தாமல் அருகில் நின்றார். புதிதாக ஒரு கீறலும் இருக்கவில்லை. எங்கள் சித்தப்பாவின் வண்டியையும் அடுத்த மாதம் அவர்களிடமே கொடுக்கவிருக்கிறோம்.