இரண்டு மலிவு ஃப்ளாஷ், ஒரு ட்ரிகர்: ஹட்டன் பக்கம் நாலு வருஷப் பாவனை

நாலு வருஷமாக ஒரே சோடி ஃப்ளாஷைத்தான் பாவிக்கிறேன். கோடொக்ஸ் கம்பனியின் டிடி600 இரண்டு, தூரத்தில் நிற்கிற ஃப்ளாஷை ரேடியோவால் அடிக்க வைக்க கெமராவின் தலையில் செருகும் எக்ஸ்2டி ட்ரிகர் ஒன்று, வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைக் குடை ஒன்று, ஸ்டாண்ட் ஒன்று. எல்லாம் ஒரு ஸ்கூல் பேக்குக்குள் அடங்கும், ஸ்டாண்டை மட்டும் பஸ்ஸில் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வாங்கலாமா என்று கேட்கிற தம்பிமாருக்கு ஃபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் வேலை என்றால் சடங்கு வீடு, கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா. இதில் பாதி லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள் நடக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, மேலே விறகுப் புகையில் கறுத்த தகரம், சுவரில் நல்ல பச்சைப் பெயின்ட். யூடியூபில் எல்லாரும் ஃப்ளாஷைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடி என்கிறார்கள். அடித்தேன், மேலே போன வெளிச்சம் திரும்பி வரவே இல்லை. சுவரில் அடித்தேன், சடங்குப் பிள்ளையின் கன்னம் வாழை இலை நிறத்தில் வந்தது. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த அம்மா, “தம்பி, பிள்ளைக்கு மஞ்சள்தானே பூசினோம்?” என்று கேட்டார். கூரையும் சுவரும் உதவாத வீட்டில் வெளிச்சத்தை நாமே கொண்டுபோய் ஒரு பக்கமாக நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் காசு மிச்சம் பிடிக்க ட்ரிகர் வாங்கவில்லை. இந்த ஃப்ளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று ஒரு வசதி உண்டு, பக்கத்தில் இன்னொரு ஃப்ளாஷ் மின்னினால் அதைப் பார்த்து இதுவும் மின்னும். எஸ்1 முதல் மின்னலுக்கே அடித்துவிடும், எஸ்2 டிடிஎல் ஃப்ளாஷ் (வெளிச்சத்தின் அளவைக் கெமராவே பார்த்துத் தீர்மானிக்கிற ரகம்) முன்னோட்டமாக அடிக்கும் சின்ன மின்னலை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். வீட்டுக்குள் நன்றாகவே வேலை செய்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவந்த போட்டோக்காரரும் நானும் ஒரே மணவறைக்கு முன்னால் நின்றோம், அவர் அடிக்கிற ஒவ்வொரு படத்துக்கும் என்னுடைய ஃப்ளாஷ் சேர்ந்து அடித்தது. தாலி கட்டும்போது நான் பொத்தானை அழுத்தினால் அது இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதமே ரேடியோ ட்ரிகர் வாங்கினேன். இதில் 32 சனல் உண்டு, மண்டபத்துக்குள் போனதும் பக்கத்துக்காரர் எந்தச் சனல் என்று கேட்டு வேறொன்றுக்கு மாற்றிவிடுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

விலை டாலரோடு ஏறி இறங்குகிறது. 2022இல் டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனபோது, முந்திய வருஷமே வாங்கி வைத்தது எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். ஆனாலும் பெரிய கெமராக் கம்பனிகளின் உயர்ரக ஃப்ளாஷ் ஒன்றின் காசுக்கு இந்த முழுச் சாமானையும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம், அது இன்றைக்கும் உண்மை. ஏற்கெனவே இன்னொரு கம்பனியான யொங்னுவோவின் 560 வரிசை ஃப்ளாஷ் கையில் இருந்தால் அதற்குரிய ட்ரிகரையே வாங்குங்கள், இரண்டு கம்பனியின் ரேடியோவும் ஒன்றோடொன்று பேசாது.

வாங்கப் போகிறபோது கெமராவையும் கடைக்குக் கொண்டு போங்கள். ஃப்ளாஷ் செருகும் தட்டின் நடுவில் ஒரு வட்டமான உலோகப் புள்ளி இருக்கும், எந்தக் கம்பனி ஃப்ளாஷையும் அடிக்க வைப்பது அதுதான். கெனன் 200டி மார்க் 2 போன்ற சில கெமராக்களில் அந்தப் புள்ளியே கிடையாது, பழைய மலிவு ட்ரிகரைச் செருகினால் ஒன்றும் நடக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இது தெரியாமல் பழுது என்று நினைத்து இரண்டு தடவை மாற்றி வாங்கினான். கடையிலேயே செருகி அடித்துப் பார்த்தால் இரண்டு நிமிஷ வேலை.

டிடி600இல் டிடிஎல் இல்லை, எல்லாம் கையால்தான். ஆரம்பத்தில் பயமாக இருக்கும், ஒரு வாரத்தில் போய்விடும். நான் எந்த வீட்டிலும் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, ஷட்டர் 1/160, குடை ஆறரை அடித் தூரம், ஃப்ளாஷ் முழுச் சக்தியில் 1/8 என்று தொடங்குவேன். ஷட்டரை 1/200க்கு மேலே ஏற்றினால் பல கெமராக்களில் படத்தின் ஒரு ஓரம் கறுப்பாக வெட்டுப்படும். எச்எஸ்எஸ் (வேக ஷட்டருக்கும் ஒத்து அடிக்கிற முறை) போட்டால் ஏற்றலாம், ஆனால் இந்த ஃப்ளாஷில் அது எக்ஸ் வரிசை ட்ரிகர் மூலமாகத்தான், கெமராவில் நேரே செருகினால் கிடைக்காது. அப்புறம் தூரம்: இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகாது, காலாகும். ஊர்வலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வருகிற அக்கா மகனுக்கு இதை ஒரு தடவைதான் சொன்னேன். இப்போது “மாமா, நாலடியா எட்டடியா?” என்று அவனே கேட்டுவிட்டு நிற்பான், எட்டு என்றால் நான் 1/16ஐ 1/4க்கு ஏற்றுவேன். டிடிஎல் இல்லாத குறை அவனால் தீர்ந்தது. ஆளில்லாமல் தனியாக ஊர்வலம் எடுக்கிறவர் டிடிஎல் உள்ள டிடி685 பக்கம் பார்ப்பது நல்லது.

மலைநாட்டில் இருப்பவருக்கு இந்தச் சாமான் காசைத் திருப்பித் தருகிற இடம் பனிமூட்டம். நுவரெலியாப் பக்கம் பின்னேரம் வெளிப்படம் எடுக்கப் போனால் அரை மணி நேரத்தில் முகில் இறங்கித் தேயிலை மலையே காணாமல் போகும். கெமராத் தலையில் ஃப்ளாஷை வைத்து அடித்தால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கிற நீர்த்துளியெல்லாம் பளிச்சென்று வெளுத்து, பொண்ணு மாப்பிள்ளை வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். அதே ஃப்ளாஷை அவர்களுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் மறைத்து 1/4இல் அடித்தால் பனியே விளக்காக எரியும், சேலை ஓரத்தில் வெள்ளிக் கோடு விழும். இரண்டாவது ஃப்ளாஷ் முன்னால் பக்கவாட்டில் 1/16. ஃப்ளாஷ் தலையில் பாண் பை ஒன்றைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போடுவேன். ஈரத்தில் விளையாட வேண்டாம், உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவில் நிற்கும், ஓஃப் பண்ணின பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். நனைந்தால் திறந்து பார்க்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இனிப் பெட்டரி. நாலு வருஷத்தில் எனக்கு வந்த கரைச்சலில் முக்கால்வாசி இதில்தான். ஒரு திருவிழாவுக்கு முதல் நாள் அவசரத்தில் பெட்டிக்கடையில் சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற பெட்டரி நாலு வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பன்னிரண்டு செக்கன் காத்திருக்க வேண்டியிருந்தது, சாமி தேரை விட்டு இறங்கியே போய்விட்டது. அதைவிட மோசம், அவற்றை உள்ளேயே மறந்து மழைக்காலம் முழுக்க அலுமாரியில் வைத்தது. திறந்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினாகிரி தொட்டு, நுரைக்க நுரைக்கத் துடைத்து, காய்ந்த குச்சியால் இன்னொரு தடவை துடைத்து, ஒரு நாள் வெயிலில் மூடியைத் திறந்தபடி வைத்தேன். பிழைத்துக்கொண்டது, மூடி மட்டும் இன்றைக்கும் இறுக்கம்.

இப்போது எனலூப் என்கிற சார்ஜ் ஏற்றும் பெட்டரி எட்டு. நாலு நாலாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன், கலக்கவே மாட்டேன். நாலில் ஒன்று களைத்தாலும் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு விழும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரன்ட் வெட்டினார்களே, அப்போதும் முதல் வாரமே ஏற்றி வைத்த இவைதான் ஒரு பிறந்தநாள் வீட்டைக் காப்பாற்றின. சார்ஜர் ஒவ்வொரு பெட்டரியையும் தனித்தனியாகப் பார்க்கிற ரகமாக இருக்கட்டும். போலி எனலூப்பும் சந்தையில் நிறையக் கிடக்கிறது, விலை மிகக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்டாண்ட் பற்றியும் சொல்லாவிட்டால் திட்டுவீர்கள். குடை விரித்த ஸ்டாண்ட் எங்கள் காற்றுக்கு ஒரு பாய்மரம். பெரட்டுக்களத்தில் (தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம்) ஒரு தடவை குடையோடு பறந்து தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, ஃப்ளாஷ் மேலே தப்பியது, குடைக் கம்பி இரண்டு முறிந்தது. அதிலிருந்து வெறும் பையை மட்டும் கொண்டுபோய், போன இடத்தில் கல் பொறுக்கிப் போட்டு ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிடுகிறேன். அதற்கும் அடங்காத காற்றென்றால் குடையைக் கழற்றிவிட்டு வெறும் ஃப்ளாஷைக் கிட்டே கொண்டு வருவேன், இல்லையென்றால் அக்கா மகன் இருக்கிறான். ஃப்ளாஷ் இரண்டும் முதலில் வாங்கியவைதான், குடை மட்டும் இப்போது மூன்றாவது.