தக்கலை ஓட்டு வீட்டின் மச்சில் ஓர் அறை

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஓட்டு வீட்டில், பழைய உருளிகளும் தேங்காயும் கிடந்த மச்சை அறையாக்கும் வேலையை உள்ளூர்த் தச்சுக் குழு ஒன்றிடம் ஒப்படைத்தோம். 8 அடிக்கு 4 அடி சிமெண்ட் போர்டின் விளிம்புகள் கட்டையின் நடுவில் வந்து சேரும்படி 2 அடிக்கு ஒன்றாகக் கட்டைகளை நிறுத்தியதும், ஓடு தாழ்ந்துவரும் ஓரங்களில் இடுப்பளவுச் சுவர் எழுப்பி அதன் பின்புறத்தைப் பெட்டிகள் வைக்கும் இடமாக்கியதும் நேர்த்தியான வேலை. சுவர்ச் சட்டத்தின் மேல்கட்டையை, ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோலின் சரிவுக்கேற்பச் சீவி, இடையில் ஒரு தாள்கூட நுழையாதபடி பொருத்தினார் மூத்த ஆசாரி. ஆனால் ஈரம் காயாத மரம் ஒன்றும் கலந்துவிட்டதால், இரண்டு மழைக்காலங்களும் கழிந்தபின் அது முறுக்கிக்கொண்டு போர்டின் இணைப்பில் விரிசல் விட்டது. கூலி வாங்காமல் மாற்றித் தந்தார்கள். ஓட்டுக்கடியில் வெப்பத்தடுப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாததுதான் பெருங்குறை: பங்குனிப் பிற்பகலில் அங்கே உட்கார முடிவதில்லை.