தொடக்கநிலை வாள்வீச்சுக் கவசத் தொகுப்பு: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

முகக்கவசம், மேலங்கி, காற்சட்டை, கையுறை, அக்குளைக் காக்க மேலங்கிக்குள் அணியும் பிளாஸ்ட்ரான் ஆகியவற்றை ஒரே பையில் இட்டு விற்கும் 350 நியூட்டன் தொகுப்பு ஒன்றை என் மகளுக்காக வாங்கினேன். எப்பே என்னும் வாள்வகைப் பயிற்சியில் அவள் அதை ஒரு பருவம் முழுவதும் அணிந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

350 நியூட்டன் என்பது துளைபடாமல் துணி தாங்கும் விசையின் அளவு. பெரிய பன்னாட்டுப் போட்டிகளிலோ மேலங்கிக்கும் காற்சட்டைக்கும் 800 நியூட்டனும், முகக்கவசத்தின் கழுத்து மறைப்புக்கு 1600 நியூட்டனும் கேட்கிறார்கள். இந்த விளையாட்டில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் முறிந்த வாளால்தான் வருகிறது. வளைந்து கொடுக்கும் மொட்டை முனை போய், உடைந்த உலோகத்தின் கூர்மை எஞ்சிவிடுகிறது. 1982இல் ரோமில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்ததும் எதிராளியின் முறிந்த ஃபாயில் (இன்னொரு வாள்வகை) முகக்கவச வலையைத் துளைத்ததால்தான். கவசங்களின் தரவிதிகள் அதன் பிறகே கடுமையாயின.

அந்த அளவுகோலால் பார்த்தால் இத்தொகுப்பின் முகக்கவசம் திருப்தி தருகிறது. வலை உறுதியாக இருக்கிறது; தலையை வேகமாக ஆட்டினாலும் கவசம் நகர்வதில்லை; பின்புறம் இரண்டாவது பட்டையும் உண்டு. கையுறையின் மணிக்கட்டுப் பகுதி முன்கையின் பாதி வரை ஏறி மேலங்கிக் கையை மூடுவதால், வாள்முனை உள்ளே நுழைய வழியில்லை. மேலங்கியும் தைப்பில் குறையில்லாதது. ஆனால் திறப்பு வாள் பிடிக்காத கையின் பக்கம் இருக்க வேண்டும் என்பதால், இடக்கைக்காரர்கள் தனியாகச் சொல்லி வாங்க வேண்டும்.

என் குறை பிளாஸ்ட்ரான் மீதுதான். வாளேந்திய கையை நீட்டும்போது திறந்து கொடுக்கும் அக்குளில் இரண்டாவது அரணாக நிற்க வேண்டிய அதையும் 350 நியூட்டனிலேயே தந்திருக்கிறார்கள். நான் 800 நியூட்டன் பிளாஸ்ட்ரானைத் தனியே வாங்கி மாற்றினேன். சிறுமியர் அளவு என்று விற்றுவிட்டு, பெண்களுக்குக் கட்டாயமான மார்புக் கவசத்தைச் சேர்க்காததும் ஏற்கத்தக்கதன்று. ஆக, முகக்கவசத்தையும் கையுறையையும் மேலங்கியையும் மட்டும் தனித்தனியாக வாங்க முடிந்தால், தொகுப்பின் தள்ளுபடியில் மயங்க வேண்டியதில்லை.

துவைக்கும்போது வெளுப்பான் சேர்க்கக் கூடாது. அது இழைகளின் வலிமையைக் குறைத்துவிடும். இன்னொன்று, பயிற்சியில் அடிக்கடி நேர்வது குத்துக்காயம் அன்று, கணுக்காலும் முழங்காலும் சுளுக்கிக்கொள்வதுதான். அதற்கு எந்தத் தொகுப்பிலும் தீர்வில்லை. தடித்த அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணிக்குப் பதிலாக, தரையோடு ஒட்டி நிற்கும் பேட்மின்டன் காலணியை வாங்கிக் கொடுங்கள்.