தட்டுவடைக் கடைகளின் வழியே வினாடி வினா: சேலத்து நடைகளில் நான் கண்டதும் கேட்டதும்

சேலத்தில் மாலை நேரத்தில் நடக்கும் வினாடி வினா நடைகளுக்குச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து போய்வருகிறேன். பிறந்து வளர்ந்த ஊரைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்ப்பதா என்று கேட்கும் உறவினர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு வாய்வலிக்கச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். முதல் அக்ரஹாரத்தைப் பள்ளிக்கூடம் போகும் வழியாக மட்டுமே அறிந்திருந்தவள் நான். அந்தத் தெருவில் நின்று தலை நிமிர்ந்து பார்க்க வைத்தவை இந்த நடைகள்தான்.

முறை எளிமையானது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வார்கள். மூன்று பேர் அல்லது நான்கு பேர் ஒரு குழு. வழிநடத்துபவர் ஒருவர். முதல் கடையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது கேள்வித்தாளைக் கையில் கொடுப்பார். அடுத்த கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் விடை எழுதியாக வேண்டும். அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் விடை சொல்லப்படும், சண்டையும் நடக்கும். இப்படி நான்கைந்து கடைகள், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். செல்பேசி பைக்குள் இருக்க வேண்டும். ஆனால் வழியில் எதிர்ப்படும் யாரிடமும் எதையும் கேட்கலாம். இந்த ஒரு விதிக்காகவே ஏற்பாட்டாளர்களை நான் மதிக்கிறேன். பூக்காரம்மாவிடமும் சைக்கிள் கடைக்காரரிடமும் கேட்டே தீரவேண்டிய கேள்விகளாகப் பார்த்துத் தயாரிக்கிறார்கள்.

இந்த வகை நடைகளின் வேர் பிரிட்டனின் பப்களில், அதாவது மதுவிடுதிகளில் இருக்கிறது. 1970-களில் ஷரோன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர், கூட்டம் வராத இரவுகளில் ஆட்களை வரவழைப்பதற்காக பப்களுக்கு வினாடி வினாப் போட்டிகளை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அது நாடு முழுவதும் பரவியது. ஒரே இரவில் ஒரு பப்பிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும் பழக்கம் அங்கே அதற்கும் முந்தியது. இரண்டும் கைகோத்ததில் பிறந்தவைதான் இப்போது பல நகரங்களில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் பப் நடைகள். இந்தியாவில் வினாடி வினா வேறு வழியில் வளர்ந்தது. 1967-ல் கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்திய போட்டி ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. அன்றுமுதல் மேடை, மணி, ஒலிபெருக்கி என்று அது மண்டபத்துக்குள்ளேயே இருந்துவிட்டது.

டப்ளினில் வேலை பார்க்கும் என் தம்பி, நான் அங்கே போயிருந்தபோது 1988 முதல் நடந்துவரும் இலக்கிய பப் நடைக்கு அழைத்துப் போனான். இரண்டு நடிகர்கள் அந்த ஊர் எழுத்தாளர்களின் வரிகளைத் தெருவில் நின்று நடித்துக் காட்டினார்கள். இடையிடையே பப்களில் நிறுத்தம். நான் குடிப்பதில்லை, ஆப்பிள் சாறு வாங்கிக்கொண்டேன், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. நடிப்பு அபாரம். ஆனால் வினாடி வினாவில் கேட்கப்பட்டவை, வழியில் அவர்களே சொன்ன செய்திகள். காது கொடுத்துக் கேட்டிருந்தால் விடை சொல்லிவிடலாம். சேலத்து நடையில் வரிசை தலைகீழ்: கேள்வி முதலில், கதை பிறகு. விடை தெரியாமல் அரைக் கிலோமீட்டர் நடக்கும்போது கண் தானாகவே பெயர்ப்பலகை, கல்வெட்டு, கூரை, வாசற்படி எல்லாவற்றையும் துழாவுகிறது. இரண்டிலும் நடந்து பார்த்த பிறகு சொல்கிறேன், ஊரை அறிந்துகொள்வதற்குச் சேலத்து முறையே மேல்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு சிற்றுண்டிக் கடையில் வந்தது. வழிநடத்துபவர் கடை ரசீதை மேசைமேல் வைத்தார். “இதில் அச்சாகியிருக்கும் வரிக்கும் சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கும் என்ன உறவு?” என்று கேட்டார். எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான். கள்ளுக்கடை என்றதும் தலைமையாசிரியர் மதுவிலக்கைப் பிடித்துக்கொண்டார். ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (இன்றைய முதல்வர் பதவி) அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய இடம் இந்தச் சேலம் மாவட்டம். அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், அதற்கடுத்த ஆண்டு வட ஆர்க்காட்டுக்கும் அது போனது. இதுவரை எங்களுக்கு வந்துவிட்டது. ரசீதுக்கு எப்படிப் போவது?

மாணவிதான் கண்டுபிடித்தாள். “கடையை மூடினால் அரசாங்கத்துக்கு வருமானம் போய்விடுமே சார், அதை எங்கே எடுத்திருப்பார்கள்?” என்றாள். அதுவேதான் விடை. மது வருவாய் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பல மாற்றங்களுக்குப் பிறகு 2017-ல் அந்த வரி ஜிஎஸ்டிக்குள் அடங்கியது. அதுதான் அந்த மேசைமேல் கிடந்த ரசீதில் இருந்தது. பாடப்புத்தகத்தில் ஆண்டுகளாக மட்டும் படித்த ஒன்றை, பொங்கல்-வடைக்குப் பணம் கட்டும் இடத்தில் நானே கோத்துப் பார்த்தபோது அடைந்த மகிழ்ச்சியை எந்த அருங்காட்சியகமும் எனக்குக் கொடுத்ததில்லை.

இந்த ஊரில் பப்புக்கு இடமில்லை. டாஸ்மாக் பாருக்குள் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் கலந்த குழுவை அழைத்துப்போக முடியாது, அழைத்துப்போகவும் கூடாது. அந்த இடத்தைத் தட்டுவடை செட் கடைகள் எடுத்துக்கொண்டதுதான் இந்த நடைகளின் பெரிய பலம். சேலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம், கூடவே பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும். இதைக் கையில் வாங்கிய நிமிடம் முதல் நேரம் ஓடத் தொடங்கிவிடும், ஏனென்றால் தட்டுவடை நமத்துவிடும். மாலை முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்து பேச்சு வளர்க்க வழியில்லை. சாப்பிட்டோம், விடையைக் கேட்டோம், கிளம்பினோம் என்று நடை தொய்வில்லாமல் போகிறது. அடுத்த கடையில் நொறுக்கல், அதற்கடுத்து சூடான பால். கடைக்கார அம்மா ஒருவர் எங்களைப் பார்த்ததும், “வாங்க கண்ணு, இன்றைக்கு என்ன கேள்வி?” என்பார். விடை தெரிந்தாலும் சொல்லமாட்டார், சிரிப்பார்.

என் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரையும் ஒருமுறை அழைத்துப் போனேன். ஜவ்வரிசி வடைக் கடையில் வந்த கேள்வி: ஜவ்வரிசி மரத்திலிருந்து வருகிறதா, மண்ணுக்குள்ளிருந்து வருகிறதா? எல்லாக் குழுக்களும் மண் என்று எழுதின. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படுவதுதான். மாமியார் மட்டும் இரண்டும் சரி என்று அடித்துச் சொன்னார். அவருடைய அப்பா மலாயாவிலிருந்து திரும்பியவர். அங்கே சேகோப் பனையின் தண்டைப் பிளந்து, ஜவ்வரிசி செய்ய உள்ளிருக்கும் மாவுச் சோற்றை எடுப்பார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மாமியார். வழிநடத்துபவர் அன்று சொல்ல வைத்திருந்த கதையும் அதுதான்: இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது, அந்த இடத்தைப் பிடிக்க 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியைக் கொண்டு தொழில் தொடங்கியது. மாமியாரின் குழுவுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. அதன் பிறகு அவர் முழங்கால் வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைத் தெருக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுத்து, வளையம் வளையமாகப் பற்றவைத்து, மணி கோத்து, மெருகேற்றும் வேலைகள் சின்னச் சின்ன வீடுகளுக்குள்ளேயே நடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வாசல். அங்கே கேட்ட கேள்வி: பட்டறையைக் கூட்டிய குப்பையை ஏன் கொட்டாமல் எடுத்து வைக்கிறார்கள்? ஒரு பட்டறைக்காரர் எங்களை உள்ளே அழைத்து, தரையில் ஒட்டியிருக்கும் வெள்ளித்துகளை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். கேள்வி இல்லாமல் அந்த வாசலில் நின்றிருந்தால் நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கேள்வியோடு நின்றதால் தம் தொழிலைச் சொல்லித்தர ஆள் கிடைத்தது என்று அவரும் மகிழ்ந்தார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு நடையில் வேறொருவர் வழிநடத்தினார். கோயிலிலிருந்து கோட்டைக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்பதைச் சரியான விடையாக அறிவித்து மதிப்பெண்ணும் கொடுத்தார். தமிழ்நாட்டில் சுரங்கப்பாதைக் கதை இல்லாத பழைய ஊர் எது? ஆதாரம் என்னவென்று கேட்டதற்கு, பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். கதையைக் கதை என்று சொல்லிவிட்டால் நானும் ரசிப்பேன். மதிப்பெண் கொடுத்து அதை வரலாறாக்குவது, கூட வந்த பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். எழுதியே புகார் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு விடைக்கும் ஆதாரத்தைக் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் அச்சிடுகிறார்கள்.

அடுத்தது கூட்டம். புகழ் பரவியதும் ஒரு பருவத்தில் முப்பது பேர் வரை சேர்த்துக்கொண்டார்கள். தள்ளுவண்டிக் கடைமுன் முப்பது பேர் நின்றால், தினமும் வரும் வாடிக்கையாளர் எங்கே நிற்பார்? பின்னால் வருபவர்களுக்குக் கேள்வியும் காதில் விழாது. பதினைந்துக்கு மேல் போனால் நடை கெட்டுவிடும் என்பது என் உறுதியான கருத்து. முன்பதிவு செய்யும்போதே எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறை வசதியைப் பற்றிப் பெண்கள் கேட்கத் தயங்கவே வேண்டாம். பாதி வழியில் நல்ல உணவகம் ஒன்றை நிறுத்தமாக வைத்தால்தான் பிரச்சினை தீரும். நாங்கள் பலரும் சொன்ன பிறகு அப்படி மாற்றினார்கள். கடைவீதியில் நடைபாதை என்று தனியாக நம்பி நடக்க முடியாது, இருசக்கர வாகனங்கள் உரசிக்கொண்டு போகும். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மார்ச் முதல் மே வரை ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பும் நடைக்குப் போகவேண்டாம்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலை வழியாக மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரை போகும் இன்னொரு பாதையும் உண்டு. கடைகள் குறைவு, சாப்பாடும் சுமார்தான். ஆனால் வளைவின் முன்னால் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே போகலாம். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-ல் டி.ஆர். சுந்தரம் நடத்திய இந்த ஸ்டூடியோவின் தயாரிப்பு. எங்களுடன் வந்திருந்த பாலக்காட்டுக்காரர் ஒருவர் விடையைக் கேட்டதும் வளைவைச் சுற்றிச் சுற்றி வந்தார். திராவிடர் கழகம் என்ற பெயர் 1944-ல் சேலம் மாநாட்டில்தான் பிறந்தது என்ற கேள்வியும் இந்தப் பாதையில் வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அதை ஈரோடு என்றுதான் எழுதுகிறார்கள்.

ஏற்காட்டு நடை என்னை ஈர்க்கவில்லை. இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் வேனில் ஏறி இறங்குவதிலேயே பொழுது போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வந்த தலைசுற்றலோடு ஏரிக்கரையில் கேள்வித்தாளைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் மலைக்கு வந்த காபியைப் பற்றிய கேள்விகள் சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்திலிருந்து எடுத்தவை போலவே இருந்தன. ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நின்றபோதுதான் உயிர் வந்தது. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் பிற்காலத்தை ஏற்காட்டில் கழித்தவர், அவருடைய நினைவிடம் அந்தத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அவரை மட்டுமே மையமாக வைத்து, காபித் தோட்டத்துக்குள் கால்நடையாகவே போகும்படி மாற்றி அமைத்தால் மறுபடியும் மலையேற நான் தயார்.

கட்டணம் 300 ரூபாய், சாப்பாடு உட்பட. வெறும் வயிற்றோடு வாருங்கள். தட்டுவடை செட்டை இருவராகப் பகிர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும். நண்பர்களோடு வந்தாலும் குழு பிரிக்கும்போது வயதில் பெரியவர் ஒருவரையாவது கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டை நெசவாளர் தெருக்களையும், வெண்பட்டு வேட்டி நெய்யும் தறிகளையும் சேர்த்து ஒரு பாதை வேண்டும் என்று நீண்ட நாளாகக் கேட்டுவந்தோம். தறி ஓடும் நேரத்துக்கு ஏற்றபடி அதைக் காலை நடையாக வைக்கப்போகிறார்களாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்ததும் முதல் நடை. எனக்கும் மாமியாருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.